நேற்று நடந்ததை ஆங்கிலத்தில் சொல்வது: பிரிக்பீல்ட்ஸ் மாலை வகுப்பு நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

ஆங்கிலமே தெரியாதவர் யாரும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தமிழர்களுக்கு நடக்கும் இந்த ஆங்கில வகுப்புக்கு வருவதில்லை. கோலாலம்பூரில் வேலை பார்க்கிறவர் காதில் ஆங்கிலம் விழாத நாள் கிடையாது. கடையில், எல்ஆர்டி ரயிலில், முதலாளியிடம் எல்லாம் பேசிச் சமாளித்துவிடுகிறார்கள். இடறுவது ஓரிடத்தில்தான். நேற்று நடந்ததையும் தினமும் நடப்பதையும் ஒரே வினையில் சொல்லிவிட்டு, வால் மாதிரி ஓர் 'ஆல்ரெடி'யைக் கட்டிவிடுகிறார்கள். 'ஐ ஈட் ஆல்ரெடி.' 'ஹி கோ பேக் ஆல்ரெடி.'

இதைச் சோம்பல் என்று திட்டுவது தப்பு. இது மலாய் இலக்கணம். 'மாக்கான்' (சாப்பிடு) என்ற சொல் எந்தக் காலத்துக்கும் மாறாது. முன்னால் 'சுடா' வந்தால் ஆயிற்று, 'பெலும்' வந்தால் இன்னும் ஆகவில்லை, 'செமாலாம்' என்றால் நேற்று, 'தாடி' என்றால் சற்று முன். (கடைசிச் சொல்லைத் தமிழில் எழுதினால் முகத்தில் முளைத்துவிடுகிறது, என்ன செய்ய.) சீன மொழிகளிலும் வினை காலத்துக்காக உருமாறுவதில்லை. இந்தச் 'சுடா'தான் ஊர் ஆங்கிலத்தில் 'ஆல்ரெடி' ஆனது. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அது செல்லும். நேர்முகத் தேர்விலும் புகார்க் கடிதத்திலும் செல்லாது.

ஆனால் தமிழில் காலம் வினைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் முதல் பயிற்சி தமிழில்: இன்று காலையிலிருந்து செய்தவை பத்து வாக்கியம். காலம் காட்டும் இடத்தை அடிக்கோடிட வேண்டும். வந்தேன் என்பதில் 'ந்த்', பார்த்தேன் என்பதில் 'த்த்', வாங்கினேன் என்பதில் 'இன்'. அடுத்து, 'நேற்று', 'காலையில்' போன்ற சொற்களை எல்லாம் அடித்துவிட்டு வாசிக்க வேண்டும். 'கடைக்கு வந்தேன்' என்பது அப்போதும் இறந்தகாலம்தான். 'யெஸ்டர்டே ஐ கம்' என்பதில் 'யெஸ்டர்டே'யை அடித்துப் பாருங்கள். கையில் மிஞ்சுவது 'ஐ கம்'. இறந்தகாலம் காணாமல் போய்விட்டது. இந்த அடித்துப் பார்க்கும் சோதனையை இனி எல்லா வாக்கியத்துக்கும் வைப்போம்.

'ஆல்ரெடி'யை ஒழிக்க வேண்டியதில்லை. வினை தன் வேலையைச் செய்த பிறகு கூட நிற்கட்டும்: 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்.'

ஜூன் 5, வியாழன்

இறந்தகாலத்துக்கு 'இ-டி' (-ed) சேர்க்கும் வினைகள். எழுத்தில் ஒரே வால், ஒலியில் மூன்று.

வினை 'டி' (d) அல்லது 'டீ' (t) ஒலியில் முடிந்தால் மட்டும் தனி அசை வரும்: வான்டிட், நீடிட், வெயிட்டிட், ஸ்டார்ட்டிட். மற்ற எதிலும் அசை கூடாது. 'வாக்' ஓர் அசை, இறந்தகாலத்திலும் ஓர் அசைதான். 'வாக்கெட்' என்று சொல்கிறவர் அந்த வாலை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார், அவ்வளவே.

மீதி இரண்டையும் பிரிக்கத் தொண்டையில் கை வைக்க வேண்டும். வினையின் கடைசி ஒலியில் தொண்டை அதிராவிட்டால் (குக், ஸ்டாப், வாஷ், வாட்ச், லாஃப்) வால் வன்மையான 'டீ' ஒலி. அதிர்ந்தால் (கால், ஓப்பன், கிளீன், லிவ், பாரோ) மென்மையான 'டி' ஒலி. பார்க்க வேண்டியது ஒலியை, எழுத்தை அல்ல. 'ஃபிக்ஸ்' 'ஸ்' என்று முடிவதால் வன்மை. 'யூஸ்', 'குளோஸ்' இரண்டும் எழுத்தில் 'எஸ்' போலத் தெரிந்தாலும் கடைசி ஒலி அதிர்கிறது, அதனால் மென்மை.

இங்கே நம் நோட்டுப் புத்தகமே எதிரி. உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்கிற பழக்கம் பலருக்கு உண்டு. தமிழில் இரண்டுக்கும் 'ட்' ஒன்றுதான். மெல்லினத்துக்குப் பின் வரும் 'ட்'டை நாம் இயல்பாகவே மென்மையாக்கிப் படிப்போம், 'பண்டம்' என்பதில் போல. ஆகவே 'சென்ட்' என்று எழுதி வைத்தால் அது 'அனுப்பு'வா, 'அனுப்பினேன்'ஆ என்று எழுதியவருக்கே தெரியாது. ஸ்பென்ட், லென்ட், பென்ட் எல்லாவற்றுக்கும் இதே கதி. காதுக்கு ஒரு துப்பு உண்டு: நிகழ்கால வடிவத்தில் 'செ...ன்' கொஞ்சம் இழுபடும், இறந்தகாலத்தில் சட்டென்று வெட்டுப்படும். நோட்டில் இந்த வினைகளை மட்டும் ஆங்கில எழுத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறோம்.

இன்னொரு தொல்லை, மெய்யில் முடிகிற சொல்லுக்கு 'உ' சேர்க்கும் நம் நாக்கு. 'வாஷ்டு', 'பார்க்டு'. திருத்தத் திருத்தத் திரும்பி வரும். தனிச் சொல்லாகப் பயிற்சி செய்யாமல், உயிரில் தொடங்கும் சொல்லை அடுத்து வைத்துச் சொன்னால் தானாகப் போய்விடுகிறது. 'பார்க்ட் இட்' என்பதை 'பார்க் டிட்' என்றும், 'வாஷ்ட் இட்' என்பதை 'வாஷ் டிட்' என்றும் ஒட்டிச் சொல்ல வேண்டும். நம் புணர்ச்சிதான், புதிதாக ஒன்றுமில்லை. பத்து வினை, ஒவ்வொன்றும் ஐந்து முறை, தினம் மூன்று நிமிடம்.

ஜூன் 10, செவ்வாய்

ஒழுங்கில்லாத வினைகள். 'கோ, வென்ட், கான்' என்று பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறவர்கள் வகுப்பில் நிறையப் பேர். ஒப்பித்து முடித்த அடுத்த நிமிடமே 'யெஸ்டர்டே ஐ கோ டு கிள்ளான்' என்கிறார்கள். காரணம் எளிது. வாய்ப்பாடு வரிசையைப் பழக்குகிறது, பேச்சைப் பழக்குவதில்லை. பேசும்போது தலைக்குள் முதலில் வருவது 'கோ' அல்ல, 'போனேன்'. ஆகவே 'போனேன்' என்றதும் 'வென்ட்' வர வேண்டும், நடுவில் 'கோ' வரக் கூடாது.

அட்டை செய்யும் முறை: ஏ4 தடித்த தாளை எட்டாக வெட்டினால் அளவு சரியாக இருக்கும். முன்பக்கம் முழுத் தமிழ் வாக்கியம், 'நேற்று இரண்டு கிலோ வெங்காயம் வாங்கினேன்'. பின்பக்கம் முழு ஆங்கில வாக்கியம். வினையை மட்டும் எழுதாதீர்கள். தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்ப வேண்டும். மூன்று பெட்டி (பழைய பிஸ்கட் டின் போதும்): முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கொரு முறை, மூன்றாவது வாரம் ஒரு முறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்கு, தவறினால் எங்கிருந்தாலும் முதல் பெட்டிக்கு. ஜெர்மன் பத்திரிகையாளர் செபஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறை இது. வாரத்துக்கு 12 வினைக்கு மேல் சேர்த்தால் முதல் பெட்டி வழிந்து, ஆள் விட்டுவிடுகிறார்.

அகர வரிசைப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒலிக் குடும்பமாகப் பிரித்தோம். மாறவே மாறாதவை: புட், கட், ஹிட், ஷட், ஹர்ட், காஸ்ட். 'ஆட்' குடும்பம்: பை–பாட், பிரிங்–பிராட், திங்க்–தாட், டீச்–டாட், ஃபைட்–ஃபாட். 'எப்ட்' குடும்பம்: கீப்–கெப்ட், ஸ்லீப்–ஸ்லெப்ட், ஸ்வீப்–ஸ்வெப்ட். 'ஊ' குடும்பம்: நோ–நியூ, குரோ–குரூ, த்ரோ–த்ரூ, ஃப்ளை–ஃப்ளூ. சிங்–சாங்–சங் போன்று மூன்று நிலையிலும் உயிர் மாறுபவை: ட்ரிங்க், ரிங், ஸ்விம், பிகின்.

தவறிப் போகும் இடங்கள். 'பாட்', 'பிராட்' இரண்டையும் மாற்றிவிடுகிறார்கள். 'ர' ஒலி உள்ள 'பிரிங்'குக்கு 'ர' உள்ள 'பிராட்' என்று ஒரு முறை சொன்னால் போதும். 'ஃபெல்' விழுந்தது, 'ஃபெல்ட்' உணர்ந்தது. 'ஐ ஃபெல்ட் டவுன்' என்று எழுதியவர்கள் மாடிப்படியில் உருண்டவர்கள். 'ரீட்' எழுத்தில் மாறாது, உச்சரிப்பில் 'ரெட்' ஆகும். 'புட்' மாறாததால் 'புட்டட்' என்று தாங்களாகவே வால் ஒட்டுகிறார்கள்.

'கோ'வுக்கு 'வென்ட்' எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். அது உண்மையில் வேறொரு வினையின் இறந்தகாலம். 'வழிநடந்து போ' என்ற பொருளில் இருந்த பழைய வினை, அனுப்பு என்பதன் 'சென்ட்' மாதிரியே வால் கடினப்பட்டு 'வென்ட்' ஆனது. மூல வினை பெரும்பாலும் வழக்கொழிய, அதன் இறந்தகாலம் 'கோ' வீட்டில் குடியேறிவிட்டது. நில்–நின்றேன், கேள்–கேட்டேன், சா–செத்தான் என்று வைத்திருக்கும் நாம் இதைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

ஜூன் 12, வியாழன்

'டிட் யூ வென்ட்?', 'ஐ டின்ட் வென்ட்.' இதற்கு ஒரு வகுப்பே ஒதுக்கினோம், கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. போகவில்லை என்பதைப் பிரித்துப் பாருங்கள்: போக + இல்லை. 'போனேனில்லை' என்று யாராவது சொல்கிறோமா? எதிர்மறை வந்ததும் 'போ' காலத்தை இறக்கி வைத்துவிட்டு 'போக' என்று நிற்கிறது. ஆங்கிலத்திலும் 'டிட்' சுமையை வாங்கிக்கொண்டதும் 'கோ' வெறும் கையுடன் நிற்கும். 'ஐ டிட் நாட் கோ.' மீதி நேரம் முழுக்க எதிர்மறையும் கேள்வியும் வாய்ப்பயிற்சி.

ஜூன் 17, செவ்வாய்

எதிர்பார்த்த மாதிரியே, பாடத்திட்டத்தில் கனமான நாள். பிரெசன்ட் பெர்ஃபெக்ட்.

பாதித் தூரம் தமிழே கொண்டுபோய்விடும். 'சாப்பிட்டேன்' என்றால் 'ஐ ஏட்'. 'சாப்பிட்டிருக்கிறேன்' என்றால் 'ஐ ஹேவ் ஈட்டன்'. 'சாப்பிட்டிருந்தேன்' என்றால் 'ஐ ஹேட் ஈட்டன்'. 'சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்' என்றால் 'ஐ வாஸ் ஈட்டிங்'. இந்த நான்கையும் பலகையில் எழுதியபோது வகுப்பில் ஒரு சலசலப்பு. ஆனால் இந்தப் படகு நான்கு இடத்தில் தட்டும்.

ஒன்று, போயிருப்பது. 'அப்பா ஈப்போவுக்குப் போயிருக்கிறார்.' இப்போது அங்கே இருக்கிறாரா, எப்போதோ ஒரு முறை போய் வந்திருக்கிறாரா? தமிழில் இடத்தை வைத்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலம் இரண்டு சொல் வைத்திருக்கிறது. இன்னும் திரும்பவில்லை என்றால் 'ஹேஸ் கான்'. போய்த் திரும்பிய அனுபவம் என்றால் 'ஹேஸ் பீன்'. தன்னைப் பற்றி 'ஐ ஹேவ் கான் டு பினாங்' என்று கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. சொல்கிற ஆள் இங்கே இருக்கிறாரே!

இரண்டு, 'நேற்று'. காலையில் கதவைத் திறந்ததும் தரை ஈரமாக இருக்கிறது. 'நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். பார்க்கவில்லை, ஊகிக்கிறோம், அதற்குத்தான் அந்த 'இருக்கிறது'. இதை அப்படியே 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று மாற்றினால் தப்பு. ஆங்கிலத்தில் 'ஹேவ்' வந்தால் முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல் கூட வரக் கூடாது: யெஸ்டர்டே, லாஸ்ட் நைட், இன் 2019, டூ டேஸ் அகோ. ஊகத்தைச் சொல்ல 'மஸ்ட் ஹேவ்' தனியாக உண்டு: 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்.' நேரில் பார்த்திருந்தால் 'இட் ரெயின்ட்.' நல்ல தமிழ் பேசுகிறவர்தான் இந்தத் தப்பை அதிகம் செய்கிறார், ஏனென்றால் அவர் தமிழ் சரி.

மூன்று, தொடர்ந்து வருவது. 'பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்.' தமிழில் நிகழ்காலம். அதனால் 'ஐ ஆம் ஸ்டேயிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று வருகிறது. ஒரே வாக்கியத்தில் மூன்று கோளாறு. அன்று தொடங்கி இன்றும் நீடிப்பதற்கு 'ஹேவ்' வேண்டும். குடியிருப்பதற்கு 'லிவ்' வேண்டும், 'ஸ்டே' என்பது ஹோட்டலில் நான்கு நாள் தங்குவது. எவ்வளவு காலம் என்று அளந்தால் 'ஃபார்', எந்தப் புள்ளியிலிருந்து என்று காட்டினால் 'சின்ஸ்'. 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்', அல்லது 'சின்ஸ் 2015'. தமிழில் 'வருஷமாக' என்பது 'ஃபார்', '2015இலிருந்து' என்பது 'சின்ஸ்'. இப்படிப் பிடித்துக்கொண்டவர்கள் பிறகு குழம்புவதில்லை.

நான்கு, 'பசியாறிட்டீங்களா?' காலை ஒன்பது மணிக்குக் கேட்டால் 'ஹேவ் யூ ஹேட் பிரேக்ஃபாஸ்ட்?'. மாலை ஐந்து மணிக்கு, காலையில் பசியாறினாரா என்று விசாரித்தால் 'டிட் யூ ஹேவ் பிரேக்ஃபாஸ்ட்?'. சாப்பிட இன்னும் வாய்ப்பிருந்தால் 'ஹேவ்', அந்த நேரம் கடந்துவிட்டால் 'டிட்'. அமெரிக்கர்கள் காலையிலும் 'டிட்' போடுவார்கள். இங்கே பள்ளியில் சொல்லித் தருவது பிரிட்டிஷ் வழக்கு, வகுப்பும் அதன்படிதான்.

ஜூன் 19, வியாழன்

இன்று சொற்கள். இலக்கணம் சரியாகியும் வாக்கியம் விநோதமாக ஒலிப்பதற்கு இவைதான் காரணம்.

'ரோசாக்' என்று மலாயிலும் 'கெட்டுப் போச்சு' என்று தமிழிலும் ஒரே சொல்லில் முடிப்பதை ஆங்கிலம் பொருளுக்குப் பொருள் மாற்றும். பால், குழம்பு 'வென்ட் ஆஃப்'. மின்தூக்கி, கார், பஸ் 'ப்ரோக் டவுன்'. கைப்பேசி, ஏர்கான் 'ஸ்டாப்ட் வொர்க்கிங்'. கண்ணாடி, நாற்காலிக் கால் வெறும் 'ப்ரோக்'. 'தி லிஃப்ட் ஸ்பாயில் ஆல்ரெடி' என்பதைக் குடியிருப்பு நிர்வாகத்துக்கு எழுதும்போது 'தி லிஃப்ட் ப்ரோக் டவுன் ஆன் மண்டே' என்று எழுதுங்கள். நாள் சொல்லிவிட்டதால் 'ஹேஸ்' வரவில்லை, செவ்வாய்க்கிழமைப் பாடம் இங்கேயும் வேலை செய்கிறது.

மலாயில் 'பிஞ்சாம்' என்றால் கடன் கொடுப்பதும் வாங்குவதும் ஒரே சொல். அதனால் 'ஹி பாரோட் மீ 50 ரிங்கிட்'. கொடுத்தவர் 'லென்ட்', வாங்கியவர் 'பாரோட்'. பணத்தகராறு வருகிற இடம் என்பதால் கவனமாகச் சொல்லத் தகுந்தது.

'ஐ ஃபாலோட் மை பிரதர் டு பினாங்' என்றால் அண்ணனுக்குத் தெரியாமல் பின்னாலேயே துப்பறிந்து போனதாக வெளியூர்க்காரர் நினைப்பார். 'வென்ட் வித்' போதும். மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டதற்கு 'சென்ட்' அல்ல, 'ட்ராப்ட் ஆஃப்', திரும்ப அழைத்து வந்ததற்கு 'பிக்ட் அப்'. துணியை அலமாரியில் வைத்ததற்கு 'கெப்ட்' அல்ல, 'புட் அவே'. பதினொன்றுக்குப் படுத்ததற்கு 'ஸ்லெப்ட் அட் இலெவன்' அல்ல, 'வென்ட் டு பெட்'. 'யெஸ்டர்டே நைட்' வேண்டாம், 'லாஸ்ட் நைட்'.

'ஐ ஆஃப் தி ஃபேன்' என்பதற்கு இறந்தகாலம் கேட்டால் 'ஆஃப்ட்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப்படி யோசித்தது பாராட்டத்தக்கது. ஆனால் கொச்சை ஆங்கிலத்தில் அதற்குக் கொன்றேன் என்று பொருள். விசிறியை 'டர்ன்ட் ஆஃப்' செய்யுங்கள், உயிரோடு இருக்கட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

பாஸ்ட் கன்டினியூஸ். விளக்கமாகச் சொல்வதைவிட ஒரு விபத்தை எழுத வைத்தால் புரிந்துவிடும். சாலை விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தப் புகார் பெரும்பாலும் மலாயில். அதையே வேலையிடத்துக்கு ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் திணறல்.

மழை பெய்துகொண்டிருந்தது, ஜாலான் துன் சம்பந்தனில் போய்க்கொண்டிருந்தேன்: இவை பின்னணி, 'வாஸ்' போட்டு 'இங்'. கார் திரும்பியது, மோதியது, விழுந்தேன்: இவை நிகழ்ச்சி, சிம்பிள் பாஸ்ட். பின்னணிக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் தேவைப்படாது.

தப்புகள் இரண்டு திசையில். 'ஐ ரைடிங்' என்று 'வாஸ்' விழுந்துவிடும். 'நான் டிரைவர்' என்று வினையே இல்லாமல் வாக்கியம் முடிக்கிற மொழி நம்முடையது, அதனால். அதைத் திருத்தியதும் மறுபக்கம் சாய்ந்து 'ஐ வாஸ் ஃபால் டவுன்' வரும். 'வாஸ்' வந்தால் பின்னால் 'இங்' வந்ததா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் 'வாஸ்' வேண்டாம், விழுந்தது 'ஃபெல்'.

பாஸ்ட் பெர்ஃபெக்ட் பற்றிக் கொஞ்சம். 'ஹேட்' போட்டால் கனமாக ஒலிக்கிறது என்பதற்காகவே எல்லா வாக்கியத்திலும் போடுகிறவர்கள் உண்டு. நடந்த வரிசையிலேயே சொன்னால் அது தேவையே இல்லை. பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, முன்னால் நடந்ததற்குத் திரும்பும்போது மட்டும்: 'வென் ஐ ரீச்ட் கேஎல் சென்ட்ரல், தி டிரெயின் ஹேட் லெஃப்ட்.' புறப்பட்டிருந்தது. 'ஹேட்'டை எடுத்தால், நாம் போய்ச் சேர்ந்த பிறகு ரயில் புறப்பட்டதாகிவிடும்.

ஜூன் 26, வியாழன்

'லாஸ்ட் டைம் ஐ ஸ்டே ஹியர்.' முன்பெல்லாம் இங்கே இருந்தேன் என்று சொல்ல வருகிறார். மலாய் 'டுலு'வின் மொழிபெயர்ப்பு. 'லாஸ்ட் டைம்' என்றால் கடந்த முறை, ஒரே ஒரு முறை. முன்பு இருந்து இப்போது இல்லாததற்கு 'யூஸ்ட் டு': 'ஐ யூஸ்ட் டு லிவ் ஹியர்.' இரண்டு சொல்லும் ஒட்டி 'யூஸ்டு' என்றே ஒலிக்கும். மூன்று வாரமாக விரட்டிய அந்த 'உ' சரியாகப் பொருந்துகிற ஒரே இடம்.

பயிற்சிக்கு இந்த வட்டாரமே போதும். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளையால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்த பிறகு செங்கல்லில் கட்ட வேண்டும் என்றானபோது வளர்ந்த தொழில் அது. 'தே யூஸ்ட் டு மேக் பிரிக்ஸ் ஹியர்.' கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் 2001இல் திறந்தது, ஆண்டு உள்ளதால் 'ஓப்பன்ட்', 'யூஸ்ட் டு' அல்ல. முன்பு அங்கே ரயில்வே தண்டவாள முற்றம் இருந்தது, 'தேர் யூஸ்ட் டு பி'.

தமிழ் இங்கே ஒரு பள்ளம் வைத்திருக்கிறது. 'சின்ன வயசில் ஆற்றில் குளிப்போம்.' எதிர்கால வடிவம், பொருளோ இறந்தகால வழக்கம். நேரே மாற்றினால் 'வென் வி வேர் ஸ்மால், வி வில் பாத் இன் தி ரிவர்' என்று வருகிறது. 'வில்'லை 'வுட்' ஆக்கினால் சரி. ஆனால் 'வுட்' திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு மட்டும். நிலைமைக்கு வராது: 'ஐ வுட் லிவ் ஹியர்' என்பது ஆசை போல ஒலிக்கும்.

'ஐ ஆம் யூஸ்ட் டு' வேறு, அது பழகிப்போனது. பின்னால் 'இங்' வரும். இன்றைக்கு அதைத் தொடவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

'நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை', ஐந்து நிமிடப் பேச்சு, கைப்பேசியில் பதிவு. கேட்டுப் பார்த்தால் ஒரே மாதிரியான சரிவு. முதல் வாக்கியம் 'ஐ வோக் அப் அட் சிக்ஸ்', அருமை. இரண்டாவது 'ஐ டுக் அ ஷவர்'. மூன்றாவதில் 'தென் ஐ கோ', அதற்கப்புறம் எல்லாமே நிகழ்காலம். தொடக்கத்தில் ஒரு முறை 'செமாலாம்' சொல்லிவிட்டால் கதை முழுக்கப் போதும் என்கிற மலாய்ப் பழக்கம் இன்னும் உள்ளே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினையும் தன் சீட்டைத் தானே காட்ட வேண்டும்.

பயிற்சி இருவராக. ஒருவர் பேச, மற்றவர் கையில் பேனா. வினை காலம் மாறாமல் வந்தால் மேசையில் ஒரு தட்டு. சரியான சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது, தட்டு மட்டும்தான். பேசுகிறவர் தானே கண்டுபிடித்துத் திருத்திய சொல்தான் அடுத்த முறை நிற்கிறது. பிறகு பதிவைக் கேட்டு எழுதி, முதல் நாள் செய்த மாதிரி 'யெஸ்டர்டே'களை அடித்துவிட்டு வாசிக்க வேண்டும்.

தட்டுக்குப் பயந்து சிலர் எல்லாவற்றையும் இறந்தகாலமாக்கினார்கள். 'ஐ விசிட்டட் மை மதர். ஷி லிவ்ட் இன் கிள்ளான்.' பார்க்கப் போனது நேற்று, சரி. ஆனால் கேட்கிறவர் அம்மா வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றோ, அதற்கும் மேலாகவோ நினைத்துவிடுவார். அம்மா இன்றும் கிள்ளானில்தான் இருக்கிறார் என்றால் அந்த ஒரு வினை மட்டும் 'லிவ்ஸ்' என்றே இருக்கட்டும்.